கருப்பைக்கு விலை திங்களுக்கு ஐந்துருபா

கருக்கலைப்புப் பெருகிவிட்டது, மாநில அரசே அதனைத் தடுத்துச் சட்டம் செய்ய வேண்டும் என்போர் உளர். 2022 சூன் 24இல் அமெரிக்க உச்ச அறமன்றம் அவ்வதிகாரத்தை அந்நாட்டு மாநிலங்களுக்கே விட்டதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். உயிரைப் பேணவேண்டும் என்னும் நோக்கம் பழித்தற்குரியதன்று. ஆயின், பிறவாத உயிருக்கு வருந்துவோர் நீலமலைக்கு ஒருமுறை ஏறிவந்து, பிள்ளை பெறாதிருக்கப் பெண்ணுக்குக் கூலி பேசிய வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும்.

குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் ஒன்றியம் ('உபாசி'), 1971இல் நீலமலைத் தேயிலைத் தோட்டங்கள் மூன்றில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கொழுந்து பறிக்கும் பெண் கருவுறாதிருக்கும் திங்கள்தோறும் அவள் பெயரில் ஐந்துருபா வைப்பில் இடப்பட்டது. பிள்ளைகள் மிகுந்தால் தொகை குறைந்தது. கைக்கு வருவதோ பிள்ளைபெறும் அகவை கடந்த பின்னரே! அமெரிக்கப் பொருளியலறிஞர் உரொனால்டு இரிட்கர் இதற்குக் கருத்தளித்தவர். முதலாளிகளின் கணக்கு எளிது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் தோட்டத்தின் பொறுப்பு. பேறுகால ஊதியமும் அவ்வாறே. பிறப்புக் குறைந்தால் செலவு குறையும். கொழுந்துக்கு நிறை பார்த்தவர்கள் கருப்பைக்கும் நிறை பார்த்தனர்.

அதே 1971இல் தில்லி நாடாளுமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1972 ஏப்பிரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் உடல்நலங் கருதி எழுந்த சட்டமே அது. ஆயினும், மக்கட்டொகையைக் குறைப்பதே நாட்டுத்தொண்டு என முழங்கிய காலத்தில் அது பிறந்தது என்பதை மறைத்தற்கியலாது. (மக்கட்டொகை மெல்ல வளர்ந்த தமிழ்நாட்டிற்கு 1967 தேர்தலிலேயே நாடாளுமன்ற இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன என்பது தனிக்கதை.)

கூடை சுமந்து சரிவில் ஏறி இறங்கும் பெண் விளையாட்டாகவா கருவைக் கலைக்கிறாள்? கூலி நின்றால் அடுப்பும் நின்றுபோகும் என்னும் அச்சத்தைச் சட்டப்புத்தகம் போக்கிவிடுமா? இந்தியாவில் 2015இல் நடந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 56 இலக்கம் என 2018இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவற்றுள் நூற்றுக்கு 73 மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் முடிந்தவை. தடைச்சட்டம் இவற்றை நிறுத்தாது. மருத்துவமனையில் நடப்பனவற்றையும் மறைவுக்குத் தள்ளும். உருமேனியா 1966இல் அவ்வாறு தடைசெய்தது. தாய்மார் சாவு பெருகிற்று. 1989 திசம்பரில் ஆட்சி கவிழ்ந்தவுடன் அத்தடை நீக்கப்பட்டது. பொருள்படைத்தவள் மலையிறங்கிக் கோவைக்குச் செல்வாள். கூலிப்பெண் எங்குச் செல்வாள்?

மேலும், 1976இன் 42ஆம் திருத்தம் மக்கட்டொகைக் கட்டுப்பாட்டைப் பொதுப்பட்டியலில் சேர்த்துவிட்டது. நடுவண் சட்டத்தோடு முரணும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலின்றி நிலைபெறாது.

தில்லியின் இசைவு வேண்டாத செயலொன்று உண்டு. ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு 2017இல் 26 கிழமையாக உயர்ந்தபோது, முன்னரே இரு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 12 கிழமையே என வரம்பிடப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் அதையே வைத்துக்கொண்டது. ஐந்துருபாத் திட்டத்தின் உள்ளுயிர் இதுவன்றோ! தமிழ்நாட்டரசும் இதே அளவுகோலைக் காட்டி அரசுப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுத்தது; 2025 மே 23இல் உச்ச அறமன்றமே அவருக்கு அதனைப் பெற்றுத்தர நேர்ந்தது.

இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்க்கென 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இன்று தமிழ்நாட்டரசின் கழகத்தின் கீழ் உள்ளன. அங்கு முதலாளி அரசே. அத்தோட்டங்களில் மூன்றாம் பேற்றிற்கும் 26 கிழமை ஊதிய விடுப்பு உண்டு என ஆணையிட எச்சட்டம் தடுக்கிறது? கருக்கலைப்புக்குத் தடை கேட்போர் அவ்வாணையை முதலிற் கேட்கட்டும். கொழுந்து நிறுக்கும் இடத்திற்கு அருகிலேயே பிள்ளைக் காப்பகமும், பாலூட்டக் கூலி பிடிக்காத இடைவேளையும் சேர்த்துக் கேட்கட்டும்.