"லோ பீம்லதான் வந்தேன் அங்கிள்"

போன பங்குனியில் நடந்தது. எங்க பக்கம் தோட்டத்து மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் முறை வச்சுத்தான் வரும். அந்த வாரம் ராத்திரி முறை. சித்தப்பா பதினொன்றரை மணிக்கு மொபெட்டில் மண்வெட்டியைச் சொருகிக்கிட்டு வாழைக்குத் தண்ணி கட்டக் கிளம்பியிருக்கார். 68 வயசு. நாற்பது வருசமா அதே தடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்ந்துடுவார். வாய்க்கால் பாலத்துக்கு முன்னாடி ஒரு வளைவு இருக்கு. அதில் எதிரே ஒரு கார் வந்திருக்கு. அதுக்கப்புறம் நடந்ததை அவர் ஒரே வரியில்தான் சொன்னார்: "வெளிச்சம் வந்துச்சு சாமி, பொறகு ரோட்டையே காணோம்."

பாலத்துக் கட்டையில் மோதி, காய்ஞ்சு கிடந்த கிளை வாய்க்காலுக்குள்ள விழுந்தார். காறை எலும்பு முறிஞ்சுபோச்சு. மூணு மாசம் மண்வெட்டி தொடக்கூடாதுன்னுட்டாங்க. அந்த மூணு மாசமும் அவர் தோட்டத்துக்கு ராத்திரி முறைக்குப் போனது நான்தான், அதனால இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குங்க.

கார்ல வந்த பையனைக் குறை சொல்ல மனசு வரலை. நிக்காமப் போயிருக்கலாம். நின்னான். சித்தப்பாவைத் தூக்கித் தன் வண்டியிலேயே படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். விடியற வரைக்கும் எங்ககூடவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். திரும்பத் திரும்ப ஒண்ணையே சொல்லிக்கிட்டிருந்தான்: "நான் லோ பீம்லதான் வந்தேன் அங்கிள். சத்தியமா ஹை பீம் போடலை."

அவன் பொய் சொல்லலை. என் கோவமே அங்கேதான் தொடங்குது.

விடிஞ்சதும் அவன் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஹாலஜன் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் பின்னாடி குட்டி ஃபேன் வச்ச எல்இடி பல்பு. ஹெட்லைட்டுக்குள்ளே ஓரமெல்லாம் கறுப்பு பெயின்ட், நடுவுல வெள்ளை வளையம். "யாருப்பா பண்ணினது?"ன்னு கேட்டேன். "நானேதான் அண்ணா. வீடியோ பார்த்து, அபார்ட்மென்ட் பார்க்கிங்ல வச்சு, ஒரே ஞாயித்துக்கிழமைல முடிச்சேன்"னான். அந்த நேரத்திலும் குரலில் லேசா ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை எனக்கு நல்லாத் தெரியும். ஏன்னா அதே பல்பை மூணு வருசத்துக்கு முன்னாடி என் வண்டியில் நானும் போட்டவன்தான்.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். வீட்டிலேயே ஹெட்லைட்டைக் கழட்டிப் பிரிக்கிறதுக்கு நான் எதிரி இல்லை. சொல்லப்போனா அதைச் செய்றவங்களை எனக்குப் பிடிக்கும். மோட்டார் காயில் சுத்துறது, ஸ்பிரேயர் பம்ப்புக்கு வாஷர் மாத்துறது, டிராக்டர் டீசல் ஃபில்டர் கழட்டுறதுன்னு கையை அழுக்காக்கியே வளர்ந்தவன் நான். கம்பெனிக்காரன் ஒட்டி மூடினதைத் தொடவே கூடாதுன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. பம்பரை இறக்கி, போல்ட்டைக் கழட்டி, விளிம்பைச் சுத்திலும் ஹீட் கன் காட்டினா உள்ளே இருக்கிற கறுப்புப் பசை இளகும். அவசரப்படாம, தட்டை ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா முன்பக்க பிளாஸ்டிக் தனியா வந்துடும். உள்ளே படிஞ்ச தூசியைத் துடைக்கலாம், உடைஞ்ச கிளிப்பை ஒட்டலாம். திரும்ப மூடும்போது பழைய பசையைச் சுரண்டிட்டுப் புதுசு வைக்கணும். இல்லைன்னா முதல் மழையிலேயே உள்ளே வேர்த்துப் போகும். இதெல்லாம் நல்ல வேலை. ஒரு ஹெட்லைட்டைப் புதுசா மாத்துற காசு மிச்சம்.

பிரிச்ச கையோட உள்ளே என்னத்தைப் போடறீங்க? அங்கேதான் நான் சண்டைக்கு வர்றேன்.

ஹாலஜன் ஹெட்லைட் வேலை செய்றது பாசனம் மாதிரிதான். பல்பு மோட்டார், ரிஃப்ளெக்டர் வாய்க்கால். எச்-4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்க. 60/55 வாட், உள்ளே ரெண்டு இழை. லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகரக் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குப் போகவிடாது. மேல்பாதியில் மட்டும் பட்டு, அது ரோட்டைப் பார்த்துக் கீழே இறங்கும். எதிரே வர்றவன் கண்ணுக்கும் உங்க வெளிச்சத்துக்கும் நடுவில் காவல் நிக்கிறது அந்த நகக்கண் அளவு தகரம்தான். அந்த இழை இருக்கிற இடத்தைக் கணக்கில் வச்சுத்தான் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவையும் வார்த்திருக்காங்க. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் வெளிச்சம் வேற எங்கேயோ போகும்.

எல்இடி பல்பில் சுத்திச் சுருண்ட இழை கிடையாது. ஒரு தகட்டின் ரெண்டு பக்கமும் சில்லு ஒட்டியிருக்கும். அதை ஹாலஜன் பல்புக்காக வார்த்த குழிக்குள்ளே சொருகினா, 5 எச்பி மோட்டாருக்கு வெட்டின வாய்க்காலில் 15 எச்பி மோட்டாரை ஓட்டின கதைதான். தண்ணி அதிகமா வருதுன்னு மோட்டார் ரூமில் நிக்கிறவனுக்குச் சந்தோசம். வரப்பு உடைஞ்சு முழுகுறது கீழ்க்காட்டுக்காரன் வெள்ளாமை. எச்ஐடி கிட் போட்டாலும் இதே கதைதான், வெளிச்சம் இன்னும் அதிகம், அவ்வளவே.

"வெளிச்சம் ரோட்டுலதானே விழுது, நான் இறங்கிப் பார்த்தேனே"ம்பீங்க. எங்கே பார்த்தீங்க? பார்க்கிங்கில், டியூப் லைட்டுக்கு அடியில். இல்லைன்னா பத்தடிக்கு ஒரு தெருவிளக்கு எரியற நாலுவழிச் சாலையில். அங்கே எதிரே வர்றவன் கண்ணும் ஏற்கனவே வெளிச்சத்துக்குப் பழகித்தான் இருக்கும். எங்க தடத்தில் கடைசித் தெருவிளக்கு மாரியம்மன் கோயிலோட முடிஞ்சுபோகும். அங்கிருந்து தோட்டத்துக்கு ரெண்டரை கிலோமீட்டர் இருட்டு. கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக அரை மணி நேரம் வரைக்கும் ஆகும். அப்படிப் பழகி வச்சிருக்கிற கண்ணுலதான் நீங்க வெள்ளையா, நீலமா ஒண்ணைக் கொட்டுறீங்க. அந்தக் கூச்சம் தெளிஞ்சு மறுபடி பார்வை வர வயசானவங்களுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போற மொபெட் மூணு வினாடியில் 25 மீட்டர் ஓடிடும். அந்த வளைவுக்கும் பாலத்துக்கட்டைக்கும் அத்தனை தூரம்கூட இல்லை.

"கம்பெனி லைட் மங்கலா இருக்கு, வேற என்ன பண்றது?" இந்தக் கேள்வி நியாயமானது. நானும் இதைக் கேட்டுத்தான் அந்த எல்இடி பல்பை வாங்கினேன். போட்ட முதல் ராத்திரி வண்டிக்கு முன்னாடி பகல் மாதிரி இருந்தது. ஆனா பக்கத்தில் பளிச்சுன்னு தெரிஞ்சதே தவிர, தூரத்தில் என்ன நிக்குதுன்னு முன்னைவிட மோசமாத்தான் தெரிஞ்சது. பக்கத்தில் வெளிச்சம் கூடினா நம்ம கண்மணியும் சுருங்கிடும், தூரத்து இருட்டை அப்புறம் எப்படிப் பார்க்கிறது? நாலாம் நாள் எதிர்வீட்டு அம்மிச்சி கேட்டாங்க, "ஏங்கண்ணு, உன்ற வண்டி வந்தா எனக்கு எருமை எது, செவுரு எதுன்னு தெரியறதில்லையே, என்னத்தைப் போட்டு வச்சிருக்கே?" அன்னிக்கே கழட்டியிருந்தா நான் நல்லவன். கழட்ட ஒன்பது மாசம் ஆச்சு. காசு போட்டு வாங்கினதாச்சே.

கடைசியா ஒருநாள் மல்டிமீட்டரை எடுத்து அளந்து பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பல்பு முனையில் 12.2. நடுவில் இருந்த ஒன்றரை வோல்ட்டைப் பழைய ஒயரும், கறுத்துப்போன ஸ்விட்சும், துருப்பிடிச்ச எர்த்தும் தின்னுடுச்சு. ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைஞ்சா வெளிச்சம் பத்தில் மூணு பங்கு குறைஞ்சுபோகும். கடைக்கோடி தோட்டத்தில் லோ வோல்ட்டேஜ் வந்தா மோட்டார் தண்ணி தள்ளாம முனகுமே, அதேதாங்க. பேட்டரியிலிருந்து நேரா தடிமனான ஒயர் இழுத்து, ஃபியூஸ் போட்டு, ரெண்டு ரிலே வச்சு, எர்த்தைச் சுரண்டிப் புதுசா முறுக்கினேன். மஞ்சளாப் போயிருந்த முன் பிளாஸ்டிக்கை நீர்த்தாள் போட்டுத் தேய்ச்சுப் பாலிஷ் பண்ணினேன். வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் மேல் பூச்சு போய்த்தான் மஞ்சளாகுது, பல்பு மேல தப்பில்லை. பழைய 60/55 பல்பையே திரும்பப் போட்டேன். எல்லாம் சேர்த்து எல்இடி பல்பு வாங்கின காசில் பாதிகூட ஆகலை. என் ஹெட்லைட் பிறந்த அன்னிக்கு இருந்த வெளிச்சத்துக்கு வந்துடுச்சு.

இந்த வேலையைக் காட்டுற வீடியோக்களை விட வளையம் ஒட்டுற வீடியோக்களுக்குத்தான் கூட்டம் அதிகம். ரிலே போட்டா வெளியே இருந்து பார்க்க ஒண்ணும் தெரியாதுல்ல.

சட்டமும் இருக்கு, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது. 2019 திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டுமேன்னு வச்சிருக்காங்க. எங்க ரோட்டில் யாரும் நிறுத்திப் பிடிச்சு நான் பார்த்ததில்லை. என் சின்ன வயசில் லாரி, பஸ் எல்லாத்துக்கும் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு இருக்கும். இல்லாத வண்டியைப் போலீஸே நிறுத்தி பிரஷ்ஷால பூசி விடுவாங்க. அது பெரிய விஞ்ஞானம் ஒண்ணுமில்லை. ஆனா எதிரே ஒருத்தன் வர்றான்ங்கிற நினைப்பு அந்தப் பொட்டில் இருந்தது.

இனி நீங்க என்னைத் திருப்பிக் கேட்பீங்க, கேக்கணும். எங்க கரும்பு டிராக்டர்ல பின்னாடி சிவப்பு லைட் எங்கேன்னு. இல்லைங்க. ட்ரெய்லருக்குப் பின்னால் ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்கூட ஒட்டாம ராத்திரி பூராவும் ஆலைக்கு ஓட்டுறாங்க, அதில் மோதிச் செத்தவங்க கணக்கும் எங்க ஊர்களுக்குத் தெரியும். எங்க பசங்க பைக்கில் நாலு ஃபாக் லைட் கட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போறாங்க. ரோட்டில் சோளத்தைக் காயப்போட்டு அதைச் சுத்திக் கல்லு வைக்கிறதும் நாங்கதான். அதையெல்லாம் ஊர்க் கூட்டத்தில் பேசி நான் ஏற்கனவே நாலு பேருக்கு ஆகாதவனா இருக்கேன். அதுக்காக உங்களை விட்டுட முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயமுத்தூரையும் திருப்பூரையும் விட்டுக் கிளம்பி, திம்பம் ஏறுறதுக்குள்ள செக்போஸ்ட் மூடிடும்னு எங்க ஊருக்குள்ளே பறக்கிறீங்களே, அந்த வண்டிகளில் எத்தனைல வெள்ளை வெளிச்சம்னு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கேன். இருபதுக்கு மேல எண்ண முடியலை, கண்ணு எரிஞ்சு உள்ளே போயிட்டேன்.

கம்பெனியிலிருந்தே எல்இடியோட வர்ற வண்டிகளைப் பத்தி நான் பேசலை. அதுக்கு ரிஃப்ளெக்டரையும் லென்ஸையும் எல்இடிக்குன்னே செஞ்சிருப்பாங்க. அதிலும் ஒண்ணு இருக்கு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3ன்னு ஒரு சின்னத் திருகு இருக்கும், பலபேர் அதைத் தொட்டதே இல்லை. பின்சீட்டில் மூணு பேர், டிக்கியில் பெட்டி படுக்கைன்னு ஏத்தினா பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், லோ பீம் நேரா எதிராளி நெத்திக்குப் போகும். டூர் வரும்போதுதான் அதைத் திருகி வெளிச்சத்தை இறக்கணும்.

அந்தப் பையன் ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணினான். சித்தப்பா உடம்பை விசாரிச்சுட்டு, கொஞ்சம் தயங்கி, "அண்ணா, அப்ப பழைய பல்பையே போட்டுடவா?"ன்னான். போடுப்பா, போட்டுட்டு வண்டியை எடுத்துட்டு இங்கே வான்னேன். வந்தான். எங்க மாட்டுக்கொட்டாய்ச் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். பல்பு நடுமையம் தரையிலிருந்து எத்தனை உயரம்னு டேப் பிடிச்சு, சுவரில் அதே உயரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு, அதுக்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொண்ணு. லோ பீமின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டோட நிக்கணும், இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறலாம். பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவைத் திருகித் திருகி சரி பண்ண அரை மணி நேரம் ஆச்சு. சித்தப்பா கையைத் தூளியில் போட்டுக்கிட்டு எதிரே கட்டிலில் உட்கார்ந்து, "இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு"ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். கோட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கழிச்சும் அதையே சொன்னார்.

ரெண்டு கோடும் சுவரில் அப்படியேதான் இருக்கு. எங்க பக்கம் வர்றவங்க பொழுது சாய்ஞ்சதும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்துக்கலாம். உங்க வண்டிக்கு உயரம் வேற இருந்தா டேப்பும் சுண்ணாம்பும் கொட்டாய்லயே இருக்கு. செவலைக்கன்னு கட்டியிருந்தா மட்டும் அவுத்து அந்தப் பக்கம் கட்டிட்டு லைட்டைப் போடுங்க.