தொடர்புப் பட்டியல் யாருடைய சொத்து?

கணக்குத் தொடங்க வரும் வாடிக்கையாளர்களுள் சிலர், "பான் எண் எதற்கு? தாயாரின் பெயர் எதற்கு?" என வினவுவதுண்டு. நியாயமான வினாக்களே. ஆனால் அவற்றைக் கைப்பேசிச் செயலியிடம் எவரும் கேட்பதில்லை. டார்ச் விளக்குச் செயலி தொடர்புப் பட்டியலைக் கோரினாலும், விரல் தானாகவே 'அனுமதி' என்பதை அழுத்திவிடுகிறது.

வாடிக்கையாளரின் விவரங்களைக் காப்பது வங்கியின் ஒப்பந்தக் கடமை என 1924-இல் இங்கிலாந்து நீதிமன்றம் டூர்னியர் வழக்கில் உரைத்தது. வங்கித் தேர்வு எழுதியோர் மறக்க இயலாத வழக்கு அது! தொழில்நுட்ப நிறுவனங்களின் கணக்கு வேறு. மெட்டா நிறுவனம் 2023-இல் ஈட்டிய ஏறத்தாழ 13,490 கோடி டாலர் வருவாயில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது விளம்பரத்தால் வந்ததாகும். நாம் எதைப் பார்க்கிறோம், எதை விரும்புகிறோம் என்ற அறிவுக்கே விளம்பரதாரர் விலை தருகிறார்.

இதனினும் கொடியது கடன் செயலிகள் சிலவற்றின் போக்கு. தவணை தவறியவரின் உறவினர், உடன் பணிபுரிவோர் அனைவரையும் அழைத்து அவமதிப்பதற்குத் தொடர்புப் பட்டியலே கருவியாயிற்று. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவுகள், கோப்புகள் ஆகியவற்றை அணுகலாகாது என நெறிமுறை வகுத்தது. வாடிக்கையாளரின் இசைவு பெற்றாலும் ஆகாதா எனக் கேட்போர் உளர். ஆகாது என்பதே என் கருத்து. அப்பட்டியலில் இருப்பவை பிறருடைய எண்கள். அவர்கள் எவருக்கும் இசைவு தரவில்லை. தமக்கு உரிமையில்லாத நிலத்தை அடமானம் வைக்க எவராலும் இயலுமா?

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கோரும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெற வழிசெய்கிறது. வரவேற்கத்தக்கதே. எனினும் இருபது பக்க அறிவிப்பைத் தமிழில் தந்தாலும் படிப்போர் சிலரே. 'ஏற்றுக்கொள், இல்லையேல் விலகு' என்னும் நிபந்தனையே உண்மையான இடர். வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கை மாற்றத்துக்காக, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு விதித்த அபராதம் 213.14 கோடி ரூபாய். மேற்கூறிய ஆண்டு வருவாயை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேர ஈட்டுக்கும் குறைவு. வணிகவியல் மொழியில் அது தண்டனையன்று, ஒரு சிறு செலவினம்.

அபராதம் வளரும்வரை, கைப்பேசியின் 'அமைப்புகள்' பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் தந்துள்ள அனுமதிகளைப் பார்வையிட்டு, தேவையற்றவற்றை நீக்கிவிடலாம். வங்கிச் செயலிகளையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. அவை கேட்கும் அனுமதி எதற்கு என்று விளங்காவிடில், கிளைக்கு வந்து கேளுங்கள்.