மாதச் சந்தாவும் சம்பா கணக்கும்

கணினியில் நண்பர்களோடு சேர்ந்து விளையாடத் தனிச் சந்தா கேட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் மைக்ரோசாஃப்ட் ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ சேவையைத் தொடங்கி, முழு வசதிக்கு ஆண்டுக்கு சுமார் 50 டாலர் என்றது. எக்ஸ்பாக்ஸில் 2002 முதல் ஓடிய கணக்கு இங்கே ஓடவில்லை. 2008 ஜூலையில் கட்டணம் போயிற்று.

எக்ஸ்பாக்ஸுக்கும் சரி, பிளேஸ்டேஷனுக்கும் சரி, ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் ஒருவர்தான். கணினியில் அப்படியில்லை. ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ ஆடியவர்கள் சர்வரைத் தாங்களே நடத்திப் பழகியவர்கள். நாலு கணினியைக் கேபிளால் இணைத்தாலே ஆட்டம் தொடங்கிவிடும். பிரவுசிங் சென்டர் காலத்துத் தஞ்சைப் பையன்களுக்கும் தெரிந்த வித்தைதான்!

ஆனால் சந்தா கேட்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது. பந்தயமில்லாத விளையாட்டுக்குச் சந்தா வாங்க இடம் கொடுத்திருக்கிறது.

காவிரி டெல்டாவின் சிக்கல் வேறு. பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போவதோ தை, மாசியில். உழவர் கையில் காசு புரள்வது அப்போதுதான். மாதாமாதம் வங்கிக் கணக்கில் கைவைக்கும் சந்தா அந்த வீட்டு வரவு செலவுக்கு ஒத்துவராது. பிராட்பேண்ட் பில் வேறு இருக்கிறது.

சர்வர் நடத்தச் செலவாகும் என்பது நியாயமே. அதற்கு நாள் கணக்கில் சிறு கட்டணம் வைக்கலாம். முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கு இன்னொரு பூட்டுப் போடுவதை மட்டும் ஏற்க முடியாது.