தனிக்குரலும் மக்கள் குரலே

1992 ஏப்ரலில் கல்கத்தாவில் ‘தோமாகே சாய்’ என்னும் வங்கப் பாடல் தொகுப்பு வெளிவந்தது. ‘நீ வேண்டும்’ என்பது அதன் பொருள். புதிய பொருளாதாரக் கொள்கை அறிவிக்கப்பட்டு அப்போது ஓராண்டுகூட நிறைவடையவில்லை. எண்பதுகளில் ‘நாகரிக்’ இசைக்குழுவில் பாடிவந்த சுமன் சட்டோபாத்யாய் (இன்றைய கபீர் சுமன்) தனித்து வழங்கிய முதல் தொகுப்பு அது. பாட்டும் மெட்டும் குரலும் கிதாரும் அவருடையவையே.

வங்கத்தின் முற்போக்கு இசைக்கு அதற்கு முன்பே செழுமையான மரபு உண்டு. 1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றத்தின் வழியே சலில் சௌத்ரியும் ஹேமாங்க பிஸ்வாசும் கூட்டுப்பாடலை உழவர், தொழிலாளர் போராட்டங்களின் படைக்கலமாக்கினர். அங்கே பாடியது ‘நாம்’. சுமனிடம் பாடுவதோ ‘நான்’. இது போராட்டத்திலிருந்து தனிமனிதத்துக்குள் பின்வாங்குவது ஆகாதா என்னும் ஐயம் தோழர்கள் சிலருக்கு எழக்கூடும்.

ஆகாது என்பதே என் கருத்து. இத்தொகுப்பில் ‘பேட்காட்டி சாந்தியால்’ என்றொரு பாடல் உண்டு. காற்றாடி வகைகளின் பெயர்களே அதன் தலைப்பு. வானில் காற்றாடிகள் பறக்கின்றன. கீழே ரிக்‌ஷா ஓட்டும் சிறுவன் அண்ணாந்து பார்க்கிறான். குழந்தை உழைப்புக்கு எதிராக நாம் நிறைவேற்றும் தீர்மானங்கள் இன்றியமையாதவை. எனினும், விளையாட்டு மறுக்கப்பட்ட அந்த ஒரு சிறுவனை நம் கண்முன் நிறுத்துவது பாடல்தான். இத்தகைய முகங்களால் ஆனதே ‘நாம்’. முகங்களை மறந்த ‘நாம்’ வெறும் முழக்கமாகத் தேய்ந்துவிடும்.

சிங்கூர், நந்திகிராம் நிகழ்வுகளையொட்டி இடது முன்னணி அரசை எதிர்த்த சுமன், 2009இல் திரிணாமூல் வேட்பாளராக ஜாதவ்பூரில் வென்று மக்களவைக்குச் சென்றதை நாம் அறிவோம். அந்த அரசியலை அரசியல் களத்திலேயே எதிர்கொள்ள வேண்டும். அதன்பொருட்டு 1992இன் பாடல்களைப் புறந்தள்ளுவது நம் செவிகளை நாமே அடைத்துக்கொள்வதாகும். படைத்தவர் எத்திசை சென்றாலும் அந்தச் சிறுவன் நம்மவனே.

இதில் நமக்கொரு நடைமுறைப் பாடமும் உண்டு. நம் மாநாடுகளில் கூட்டுப்பாடல் முழங்கட்டும். அதனோடு, கிதாருடன் வரும் ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ இரண்டு உரைகளுக்கு இடையே பத்து நிமிடம் ஒதுக்குவோம். இறுதி அடி முழக்கமாகத்தான் முடிய வேண்டும் என்று அவர்களிடம் கேளாதிருப்போம்.