நான் நடத்திய பேட்டரிப் பாடத்தில் ஒரு திருத்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஊர்த் திருவிழாக் கமிட்டியிலோ வீட்டிலோ வாக்கி டாக்கி வைத்திருப்பவர்கள் மட்டுமாவது முழுவதும் படித்துவிடுங்கள்.

சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் தியாகதுருகத்தில் என் வீட்டுக்கு வந்தார். அவர் ஊர்த் தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் குழுவில் இருக்கிறார். அதற்காக நான்கு வாக்கி டாக்கி வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை மேசைமேல் வைத்தார். பேட்டரி இட்லி மாதிரி உப்பியிருந்தது.

"எப்படிப்பா வைத்திருந்தாய்?" என்றேன்.

"நீங்க எட்டாவதுல சொன்ன மாதிரிதான் சார். சுத்தமா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடுவோம். போன வருஷம் திருவிழா முடிஞ்சதும் தீர்ந்துபோன செட்டை அப்படியே பையில போட்டு வச்சோம். இப்ப எடுத்தா ஏறவே இல்ல. வேற சார்ஜர்ல விடிய விடிய போட்டுப் பார்த்தோம்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அப்படிச் சொன்னது நான்தான்.

அன்று நான் சொன்னது நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு. பாதி தீர்ந்ததும் சார்ஜ் போடுவதே வழக்கமானால் அதன் திறன் குறையும் என்பதால், தீரவிட்டுப் போடச் சொன்னோம். இன்றைய வாக்கி டாக்கிகளில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயன். 1991-ல் கடைக்கு வந்து, 2019-ல் அதை உருவாக்கிய மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு வாங்கித் தந்த பேட்டரி. இதற்கு அந்த விதி பொருந்தாது. பொருந்தாது என்பதோடு நிற்கவில்லை, கெடுதலே செய்யும்.

முழுதாகத் தீர்ந்த லித்தியம் பேட்டரியை மாதக்கணக்கில் போட்டுவைத்தால் மின்னழுத்தம் இன்னும் இறங்கும். ஒரு செல்லில் அது மிகவும் கீழே போனால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். வாயு சேர்ந்து உப்பும், தீயும் பிடிக்கலாம். "பாதுகாப்பு சர்க்யூட் இருக்குமே சார்" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல பேட்டரியில் இருக்கும். விலை மலிவான போலியில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கவா முடியும்?

ஆகவே இனி இப்படிச் செய்யுங்கள். முதலில் பேட்டரியின் லேபிளைப் பாருங்கள். லித்தியம் அயன், 7.4 வோல்ட் என்று இருந்தால் உள்ளே இரண்டு செல்கள், 8.4 வோல்ட் வந்தால் முழு சார்ஜ். அந்த செட்டோடு வந்த சார்ஜரையே போடுங்கள். சார்ஜ் போடும்போது செட்டை அணைத்துவையுங்கள். மெத்தை, தலையணை, பேப்பர் கட்டு பக்கத்தில் வேண்டாம். சிமெண்டுத் தரையோ கல் மேடையோ நல்லது. நீங்கள் விழித்திருக்கும்போது போட்டு, பச்சை விளக்கு வந்ததும் எடுங்கள்.

வெயிலையும் மறக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது. நம் ஊர் மே மாதத்தில் தகரக் கொட்டகையும் கதவடைத்த காரும் அதைத் தாண்டிவிடும். வெயிலில் அலைந்து வந்த செட்டை நிழலில் ஆறவைத்துப் பிறகு போடுங்கள்.

திருவிழா முடிந்ததும் பாதி சார்ஜில் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். சாவி, சில்லறையோடு ஒரே பையில் போடாதீர்கள்.

உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், "கடைசியாக ஒருமுறை" என்று சார்ஜ் போடாதீர்கள். குப்பையிலும் எறியாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய கடையில் கேளுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு பெரிய பதிவு? 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசி செத்துப்போனது. அங்கே போயிருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் ரேடியோதான் செய்தியை வெளியே கொண்டுவந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 ஃபெஞ்சல் மழையில் நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கல்வராயன்மலைப் பக்கம் சாதாரண நாளிலேயே செல்போன் சிக்னல் பல இடத்தில் கிடைக்காது. கரண்டும் டவரும் போன நாளில் உதவும் என்றுதான் வாக்கி டாக்கி வாங்குகிறோம். அந்த நாளில் அது செத்துக் கிடந்தால் வாங்கியதே வீண்.

என் கருத்து இதுதான்: ஒவ்வொரு கமிட்டியும் கணக்குப் பார்க்க ஒருவரை வைப்பதுபோல பேட்டரி பார்க்கவும் ஒருவரை வைக்க வேண்டும். வாங்கிய தேதியைப் பேட்டரிமேல் எழுதி ஒட்டுங்கள். புதிதாக வாங்குபவர்கள் உரிமம் தேவையில்லாத 446 மெகாஹெர்ட்ஸ் வகையா என்றும் கேட்டு வாங்குங்கள். மற்றவற்றுக்கு உரிமம் வேண்டும்.

அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ சார், நீங்க போய்" என்று பதறினார். ஆனால் என்னிடம் அந்தப் பாடம் படித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறீர்கள். எத்தனை வீட்டு அலமாரியில் தீர்ந்துபோன பேட்டரி கிடக்கிறதோ! இன்றே எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கீழே ஒரு வரி எழுதுங்கள். எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்