முதல் வகுப்பின் விலை

அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் முதல் வகுப்புக்கு ஏன் இத்தனை விலை என்று கேட்டால், ஆசனம் பெரிது, சாப்பாடு உயர்ந்தது, ஆதலால் செலவு அதிகம் என்பதாகக் கம்பெனிக்காரர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். இது உண்மைதானா என்று நாம் சற்று யோசித்துப் பார்ப்போம்.

முன்பு அங்கு கட்டணத்தைச் சர்க்கார் சபையே நிர்ணயித்து வந்தது. 1978-ம் வருஷத்துச் சட்டத்தால் அவ்வதிகாரம் கம்பெனிகளுக்கே போய்ச் சேர்ந்தது. 2014-ல் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே, படுத்துறங்கத்தக்க மேல்வகுப்பு ஆசனத்தை ஜெட்புளூ கம்பெனி ஒரு வழிக்கு 599 டாலர் முதல் விற்க ஆரம்பித்தது. பிறகு அவ்வழியில் மற்றவர்களும் விலையை இறக்கினார்கள். அவர்களுடைய ஆசனமா சுருங்கிற்று? சாப்பாடா குறைந்தது? ஒன்றுமில்லை. போட்டிக்காரன் வந்தான், அவ்வளவுதான்!

இதனால் ஜெட்புளூவைத் தர்மப் பிரபு என்று எண்ணிவிட வேண்டாம். மலிவுக் கட்டணக் கம்பெனியாகிய ஸ்பிரிட்டை 380 கோடி டாலருக்கு விழுங்க அதுவும் முயன்றது. போட்டி குறைந்து பிரயாணிகள் கஷ்டப்படுவார்கள் என்று 2024 ஜனவரியில் கோர்ட்டார் தடுத்தார்கள்.

ஆகவே, விலையைக் கண்டு ஆசனத்தின் யோக்கியதையை மதிக்காமல், அவ்வழியில் எத்தனை கம்பெனிகள் ஓடுகின்றன என்பதை முதலில் பார்க்கும்படி பிரயாணிகளை வேண்டிக்கொள்ளுகின்றோம்.