இளவயது மாரடைப்பு: ரத்த உறவுகளையும் சோதியுங்கள்

மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலோ பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமோ, நாற்பது வயதுக்காரர் ஒருவர் மாரடைப்பில் விழுந்தால் பீடியையும் பரோட்டாவையும் குறை சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவருடைய தம்பி, தங்கை, பிள்ளைகளின் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. எழ வேண்டும் என்கிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை நீரிழிவு ஆய்வு மையத்துடன் நடத்திய, 2023இல் வெளியான ஆய்வின்படி, கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களின் விகிதம் கேரளத்தில்தான் அதிகம்: ஏறக்குறையப் பாதிப் பேர். தேசிய சராசரி 24 சதவீதம். உணவுக்கும் உழைப்புக் குறைவுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால், எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள உதவும் மரபணுவில் பழுதிருந்தால், பத்தியம் இருந்தாலும் அது பிறவியிலிருந்தே ஏறி நிற்கும். உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்நிலை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதி வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் எனச் சொந்தத்துக்குள் மணந்த இருவருக்கும் இருந்துவிட்டால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளை இரட்டைப் பழுதோடு பிறக்கும். பள்ளி வயதிலேயே இதயம் தாக்கப்படலாம்.

மரபணு மாற்றங்கள் எல்லா மக்களிடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. டிரைகிளிசரைடு எனும் மற்றொரு ரத்தக் கொழுப்பை உயர்த்தும் ஏபிஓஏ5 மரபணுவின் ஒரு மாற்றம் சீனர், ஜப்பானியரிடம் காணப்படுகிறது. ஐரோப்பியரிடம் மிக அரிது. ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் குழு 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தது. சில மூதாதையரிடமிருந்தே பெருகி அகமணத்தால் இறுகிய தன்மை, 81 சமூகங்களில், அதற்குப் பெயர்போன ஃபின்லாந்து மக்களைவிடவும் வலுவாக இருந்தது. எனவே, ஐரோப்பியரிடம் கண்ட மரபணு மாற்றங்களின் பட்டியலை வைத்து நம் குடும்பங்களுக்கு 'பழுதில்லை' என்று சான்று தர முடியாது. முதுவர், இருளர், தோட்டத் தமிழர் எனத் தனித்தனியே ஆய்வு தேவை. ஆனால் சம்மதம் பெற்று, முடிவை அவர்களுக்கே புரியும் மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும், மாத்திரையும் மலிவு. கேரளத்தின் வீடுதோறுமான நோய்க் கணக்கெடுப்பு முப்பது வயதில் தொடங்குகிறது. இளவயது மாரடைப்பு கண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது மிகத் தாமதம். பத்து வயதிலேயே பார்த்துவிட வேண்டும். இடுக்கிக்காரர் தேனிக்கும் பாலக்காட்டார் கோவைக்கும் சிகிச்சைக்குப் போவதால், இரு மாநில மருத்துவமனைகளும் நோயாளியின் உறவுகளைப் பற்றிய தகவலைப் பகிர்ந்தாக வேண்டும்.

உங்கள் ரத்த உறவில் எவருக்கேனும் 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், இந்த வாரமே பரிசோதியுங்கள். எல்டிஎல் 190ஐத் தொட்டிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.